மெற்றில்டா கேட்காமல் வந்தது

என் மச்சாள் மெற்றில்டாவுக்குப் பிள்ளைகள் இல்லை. மேடையில் மட்டும் இரண்டு ஆண்பிள்ளைகளுக்குத் தாய். ஒருவர் யேசுநாதர். மற்றவன் கட்டுக்கரைப் பக்கத்துப் பிரசாந்தன். மூத்தவரால் அவருக்கு ஒரு கரைச்சலும் வந்ததில்லை. இளையவனால்தான் எங்கள் எல்லோருக்கும் தலை சுற்றியது. யாருக்கு இந்தக் கதையைச் சொன்னாலும், "கொஞ்சம் பொறு, ஆர் ஆருக்குத் தாய்?" என்று பாதியில் மறிக்கிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் ஜெயந்தினி, மெற்றில்டாவின் தம்பியைக் கட்டியவள். மன்னார்த் தீவில், பேசாலையில் தையல் மெஷின் வைத்திருக்கிறேன். நாடகக் குழுவுக்கு உடுப்புத் தைப்பதும், தோய்த்து மடிப்பதும், வெளிநாடு போனால் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கூடவே போவதும் என் வேலை. கலை பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. எந்தச் சீலை எந்தக் காட்சிக்கு என்பது தெரியும்.

தொண்ணூறாம் ஆண்டு, பதினாலு வயதில், மச்சாள் தாய் தகப்பனோடு படகேறி இந்தியா போனவர். மண்டபம் அகதி முகாமில் இருந்த காலத்தில் அங்கே பெரிய வெள்ளிக்கு யேசுவின் பாடுகளை நாடகமாகப் போட்டிருக்கிறார்கள். மாதாவாக நடிக்க இருந்த பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. மெற்றில்டா உயரமான பிள்ளை, சிரிக்காமல் நிற்கத் தெரிந்த பிள்ளை என்று பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். நடிப்பு வாழ்க்கை தொடங்கிய அழகு அவ்வளவுதான். இரண்டாயிரத்து மூன்றில் ஊர் திரும்பிய பிறகும் அந்த வேஷம் அவரை விடவில்லை. கிட்டத்தட்ட இருபது வருடம் எங்கள் பக்கத்துப் பாடுகளின் நாடகத்தில் அவர்தான் மாதா. மற்ற நாட்களில் புருஷன் செல்வராசா அண்ணை கொண்டுவரும் மீனைக் கீறி, உப்புப் போட்டு, கருவாடு காயவைத்து விற்பார்.

இந்த இடத்தில் எங்கள் தெருவின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. நாடகம் முடிந்த பிறகு, மாதாவாக நடித்தவர் உடனே வேஷம் கலைக்க மாட்டார். தலையில் முக்காட்டோடு சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருப்பார். சனம் வரிசையில் வந்து முன்னால் முழந்தாளிட்டுத் தங்கள் கவலையைச் சொல்லும். அவர் வாய் திறக்கக் கூடாது, ஒரு கேள்வி கேட்கக் கூடாது. "நான் அடுத்த வீட்டு மெற்றில்டா" என்று சிரிக்கவும் கூடாது. தலையில் கையை வைக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்டதை யாருக்கும் சொல்லவும் கூடாது. எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன புகைகிறது என்று மச்சாளுக்கு முழுக்கத் தெரியும். என் கலியாணத்துக்கு முந்தின வருடம் என் மாமியார், அதாவது மச்சாளைப் பெற்றவரே, வரிசையில் வந்து முழந்தாளிட்டு என்னைப் பற்றி ஏதோ முறையிட்டிருக்கிறார். என்ன முறையிட்டார் என்று இருபது வருடமாகக் கேட்டுப் பார்க்கிறேன். மச்சாள் வாய் திறந்தபாடில்லை.

அப்படி ஒரு பெரிய வெள்ளி அன்றுதான் கஜீபன் அவரைக் கண்டான். மன்னார் டவுன் பெடியன், பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவன். வசனமே இல்லாமல் அரை மணித்தியாலம் ஒரு மனுசியால் சனத்தை அழவைக்க முடியுமா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அடுத்த கிழமையே வீட்டுக்கு வந்து, "அக்கா, என்ரை குழுவில நடிக்க வாறியளோ?" என்றான். செல்வராசா அண்ணை, "கருவாட்டை ஆர் பிரட்டுறது?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஆனால் விட்டுவிட்டார்.

முதல் வெளிநாட்டுப் பயணம் சென்னைக்கு. விமான நிலையத்தில் ஓர் அதிகாரி, "இந்தியாவுக்கு முதல் தடவையா?" என்று கேட்க, மச்சாள் திருதிருவென்று முழித்தார். பதின்மூன்று வருடம் இருந்த நாடு. ஆனால் அப்போது படகில் வந்து கடற்கரை மணலில் குதித்தவர், கடவுச்சீட்டோடு வாசலால் வருவது அதுதான் முதல் தடவை. ஓம் என்று சொல்வதா இல்லை என்று சொல்வதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் கஜீபனைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பிரசாந்தனின் கதை. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற ஊர் ஒன்றில் கனகம்மா அக்கா இருக்கிறார். இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டையின் கடைசி மாதங்களில், பத்தொன்பது வயது மகன் பிரசாந்தனைத் தொலைத்தவர். அன்றிலிருந்து ஏறாத கந்தோர் இல்லை, கொடுக்காத மனு இல்லை. அவர் சொன்னதை வைத்துக் கஜீபன் நாடகம் எழுதினான். தாயாக மச்சாள்.

நாடகம் ஆடச் சம்மதம் கேட்கப் போனபோது கனகம்மா அக்கா அழவுமில்லை, கதையை நீட்டவுமில்லை. முற்றத்தில் நெல் காயப்போட்டபடி நிபந்தனை சொன்னார்.

"நடிக்கிறதெண்டா நடியுங்கோ. ஆனா என்ரை பிள்ளையின்ரை பேரை மாத்தக் கூடாது. அவன்ரை படத்தையும் மேடையில எல்லாருக்கும் தெரியிற மாதிரிப் பிடிக்க வேணும். வெளிநாட்டில எங்கடை சனம் எவ்வளவு இருக்கு! ஆராவது ஒருத்தன் கண்டிருப்பான்." பிறகு மச்சாளைப் பார்த்து, "எனக்கு முழங்கால் ஏலாது. எனக்கு ஆர் விசா தரப்போறான்? என்ரை இடத்தில நீ போ, பிள்ளை" என்றார்.

அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்து, லாமினேற் செய்து வைத்திருந்தார். வெள்ளைச் சேட் போட்ட, காது கொஞ்சம் வெளியே தள்ளிய பெடியன். அதை மச்சாளின் கையில் கொடுத்தார். கனகம்மா அக்காவுக்கு அது நாடகம் இல்லை என்பதை நாங்கள் அப்போதே விளங்கியிருக்க வேண்டும். மகனைக் கண்டவர்களைத் தேடி அவர் ஓர் ஆளை அனுப்பினார். நாங்கள் நடிக்கப் போனோம்.

சுவிசுக்கும் பிரான்சுக்கும் அழைப்பு வந்தது. கொழும்பில் விசா விசாரணையில் மச்சாளிடம் தொழில் என்ன என்று கேட்டார்கள். படிவத்தில் நடிகை என்று இருக்க, இவர் கருவாடு என்றார். என்னவாக நடிக்கிறீர்கள் என்றதற்குத் தாயாக என்றார். எத்தனை பிள்ளைகள் என்றதற்கு இல்லை என்றார். படத்தைக் காட்டி இது யார் என்றதற்கு, "மகன்" என்றார். மொழிபெயர்க்க வந்தவர் பேனையை மேசையில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தாராம். இப்படி ஒரு சாட்சிக்கு எப்படி விசா கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை புதிர்.

சுவிசில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் நாடகம். நானூறு பேர் இருப்பார்கள். முடிந்ததும் மச்சாள் திரைக்குப் பின்னால் கதிரையில் இருந்தார். வெள்ளைச் சீலை, முந்தானை தலையைச் சுற்றி, படம் மடியில் கவிழ்ந்து கிடந்தது. நான் மற்ற உடுப்புகளை மடித்துக்கொண்டு நின்றேன். அப்போது பக்கக் கதவால் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். நீல ஜாக்கெட், முன்மயிர் கொட்டிய நெற்றி. நேரே வந்து மச்சாளின் முன் முழந்தாளிட்டார். மெல்லிய குரலில் ஏதோ சொன்னார், தோள் குலுங்க அழுதார். மச்சாள் அவருடைய தலையில் கையை வைத்தார்.

எனக்கு அது புதிதில்லை. நாடகம் பார்த்து அழுகிற சனம்தானே. வான் வெளியே நின்றது. நான் போய், "தம்பி, கொஞ்சம் தள்ளுங்கோ. சீலை மடிக்க வேணும்" என்றேன். அவர் எழும்பி முகத்தைத் துடைத்துவிட்டு, "நன்றி அக்கா" என்று எனக்கும் சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றியை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

அடுத்த நாள் பாரிசில் மச்சாள் வசனத்தை மறந்தார். "மகனே பிரசாந்தன்" என்று கூப்பிட வேண்டிய இடத்தில் ஒரு நிமிடம் ஊமையாக நின்றார். சனம் அதையும் நடிப்பு என்று கைதட்டியது. "அக்கா, அந்த இடைவெளி சூப்பர். இனி ஒவ்வொரு முறையும் அப்பிடியே செய்யுங்கோ" என்று கஜீபன் குதித்தான். மச்சாள் அவனை யாரோ அந்நியனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

விமானத்தில், சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் இருந்தபோதுதான் எனக்குச் சொன்னார்.

"ஜெயந்தினி, அந்தத் தம்பி நாடகத்தைப் பற்றிச் சொல்லேல்லை."

"வேற என்ன சொன்னவர்?"

"'அம்மா, நான்தான் கடைசியா அவனோட இருந்தனான். காலில காயம், நடக்க ஏலாது. தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். சனம் தள்ளிக்கொண்டு போட்டுது. திரும்பிப் போகேல்லை. என்னை மன்னியுங்கோ' எண்டு சொன்னவர்."

"பேரைச் சொன்னவரோ?"

"சொன்ன மாதிரித்தான் கிடக்கு. ஒண்டரை மணித்தியாலமா நான் அந்தப் பேரைத்தானே சொல்லிக்கொண்டு நிண்டனான்? அவர் சொன்னாரோ, என்ரை காதுக்குள்ள கிடந்ததோ, தெரியேல்லை."

"படத்தைப் பாத்தவரோ?"

"படம் கவிண்டு கிடந்தது."

"நீங்கள் என்ன கேட்டனீங்கள்?"

மச்சாள் தன் வலக்கையைத் தூக்கிப் பார்த்தார். "ஒண்டும் கேக்கேல்லை. தலையில கையை வைச்சனான்."

இருபது வருடப் பழக்கம். முக்காடும், கதிரையும், முன்னால் முழந்தாளிட்ட ஆளும் இருந்தால் மெற்றில்டாவின் வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும், கை தானாக எழும்பும். பேசாலையில் அது புண்ணியம். சுவிசில் அது என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஊருக்கு வந்தும் குழப்பம் தீரவில்லை. கஜீபன் சுவிசுக்கு எத்தனையோ முறை தொலைபேசி எடுத்தான். நீல ஜாக்கெட் போட்ட, முன்மயிர் கொட்டிய, நாற்பது வயதுத் தமிழர் என்று கேட்டால் அங்கே பாதிப் பேர் அப்படித்தான் என்றார்கள். கனகம்மா அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்றான் அவன். ஆள் யாரென்று தெரியாது, சொன்னது உண்மையா தெரியாது, அந்த மனுசியைச் சும்மா ஏன் குத்த வேண்டும் என்பது அவன் நியாயம். நாளைக்கே போய்ச் சொல் என்றார் செல்வராசா அண்ணை. இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே பட்டது. மச்சாளின் குழப்பமோ வேறு.

"அவர் எனக்குச் சொன்னதோ, தாய்க்குச் சொன்னதோ? எனக்குச் சொன்னதெண்டா நான் வெளியில விடக் கூடாது. தாய்க்குச் சொன்னதெண்டா நான் வைச்சிருக்கக் கூடாது."

"மச்சாள், அவர் சீலைக்குச் சொன்னவர். சீலை தைச்சது நான். நான் சொல்லுறன், போய்ச் சொல்லுவம்" என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் கனகம்மா அக்காவின் ஊருக்கு, முருங்கன் பக்கம் போகும் பஸ்ஸில் என்னோடு ஏறினார்.

கனகம்மா அக்கா வாசலில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மச்சாள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தண்ணீர் எடுக்கப் போன இடம் வந்ததும் சுளகு நின்றது. அவர் அழப்போகிறார் என்று நான் பக்கத்தில் போனேன்.

"எந்தக் கால்?" என்றார்.

"தெரியாது அக்கா."

"எந்த இடத்தில?"

"சொல்லேல்லை."

"எந்த மாசம்? மாசிக்கு முன்னமோ பின்னமோ?"

"தெரியாது."

"அவனோட வேற ஆர் நிண்டது? அந்தப் பெடியன்ரை பேர் என்ன? எந்த ஊர்?"

மச்சாள் தலையைக் குனிந்தார். "நான் கேக்கேல்லை அக்கா."

கனகம்மா அக்கா சுளகைக் கீழே வைத்தார். "பதினாலு வருசமா நான் ஆரிட்டையாவது இதுகளைக் கேக்க வேணுமெண்டு காத்துக்கொண்டு இருக்கிறன். உனக்கு முன்னால வந்து இருந்தவன். நீ கையை வைச்சு அனுப்பிப்போட்டாய்." குரல் உயரவில்லை. "நான் உன்னை அழவோ அனுப்பினனான்? அழுறதுக்கு நான் இங்க இருக்கிறன்தானே. கேக்கவெல்லோ அனுப்பினனான்."

உள்ளே போய் எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். நாங்கள் குடித்து முடித்ததும் கையை நீட்டினார். மச்சாள் பையைத் திறந்து படத்தை எடுத்துக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கோபம் பொங்கியது. விசாவுக்கு அலைந்தவர் யார், குளிரில் நடுங்கியவர் யார், ஒரு நல்ல வார்த்தை சொன்னாரா என்று பொரிந்து தள்ளினேன். மச்சாள் யன்னலால் வயலைப் பார்த்துக்கொண்டு, "அவ சொன்னது சரி" என்றார். அதற்குப் பிறகு நானும் வாயை மூடிக்கொண்டேன். "தம்பி, கொஞ்சம் தள்ளுங்கோ" என்று சொன்னவள் நான்தானே. இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருந்தால் அவர் பேரையாவது சொல்லியிருப்பார். கோபம் கனகம்மா அக்காமீது இல்லை என்பது மன்னார்ப் பாலத்தைத் தாண்டும்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்த வருடம் பெரிய வெள்ளிக்கு மாதாவாக வந்தது ஒரு புதுப் பெண். வரிசையில் முழந்தாளிட்டவர்களில் மச்சாளும் ஒருவர். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் லண்டனுக்கு அழைப்பு வந்தது. படம் இல்லாமல் போகமாட்டேன் என்றார் மச்சாள். தன் போனில் இருப்பதைப் பெருப்பித்துத் தருகிறேன் என்றான் கஜீபன். "அது உன்ரை போனில கிடக்கிற படம். அவ தந்த படம் வேணும்" என்று சொல்லிவிட்டுத் தனியாகவே கட்டுக்கரைக்குப் போனார். பின்னேரம் திரும்பி வந்தபோது பையில் படம் இருந்தது. பின்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பேத்தியைக் கொண்டு எழுதுவித்த ஒன்பது கேள்விகள். பெயர், ஊர், கண்ட இடம், மாதம், உடுத்திருந்த உடுப்பு, காயம், கூட நின்றவர்கள், அவன் கடைசியாகச் சொன்ன சொல், பேசியவரின் தொலைபேசி இலக்கம். படிக்கும்போது ஏதோ கந்தோர்ப் படிவம் மாதிரித்தான் இருந்தது. எட்டாவதை நான் இரண்டாம் தரம் படிக்கவில்லை.

லண்டனில் மத்தியானக் காட்சி. நாடகம் முடிந்து சனம் கைதட்டத் தொடங்கியது. திரை மூட வேண்டும். மச்சாள் மேடையின் முன்னால் வந்தார். எல்லோரும் பார்க்க, தலையிலிருந்த முந்தானையை எடுத்துத் தோளில் போட்டார். நான் அவரை அறிந்த காலத்தில் அவர் சனத்துக்கு முன்னால் வேஷம் கலைத்ததில்லை. கஜீபன் என் கையைப் பிடித்து, "என்ன செய்யிறா இவ?" என்றான்.

"நான் தாய் இல்லை" என்றார் மச்சாள். "என்ரை பேர் மெற்றில்டா. பேசாலை. எனக்குப் பிள்ளையே இல்லை. இந்தப் பெடியன்ரை தாய் கட்டுக்கரையில இருக்கிறா, பேர் கனகம்மா. போன வருசம் சுவிசில ஒரு தம்பி வந்து எனக்கு ஒரு விசயம் சொன்னவர். நான் ஒண்டும் கேக்காமல் விட்டிட்டன். அது என்ரை பிழை. அவரைத் தெரிஞ்ச ஆக்கள் இருந்தா, வேற ஏதும் சொல்ல இருக்கிற ஆக்கள் இருந்தாலும் வாங்கோ. நான் இந்தக் கதிரையில இருக்கிறன். இந்த முறை கேப்பன்."

மண்டபம் அப்படியே நின்றது. கைதட்டுவதா, எழும்பிப் போவதா, இது நாடகத்தின் மிச்சமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த வேலையை நான் செய்தேன். மச்சாளின் கதிரைக்கு எதிரே இன்னொரு கதிரை கொண்டுபோய்ப் போட்டேன். வருகிறவர் முழந்தாளிடாமல் இருந்து கதைக்கட்டும். வெளியே வான்காரன் இரண்டு தரம் ஹோன் அடித்தான். போய், "ஐஞ்சு மணி வரைக்கும் நிக்கத்தான் வேணும். அவசரமெண்டா போங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை, எங்கள் ஊரில் மத்தியானம், மச்சாள் கனகம்மா அக்காவுக்கு அழைத்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"வந்தவனோ?" என்றார் கனகம்மா அக்கா. வேறு ஒரு சுகமும் விசாரிக்கவில்லை.

"இல்லை அக்கா. அவர் வரேல்லை. அவரைத் தெரிஞ்ச ஆக்களும் இல்லை."

"அப்ப ஒருத்தரும் வரேல்லையோ?"

"ஏழு பேர் வந்தவை. ஒருத்தருக்கும் உங்கடை மகனைத் தெரியாது. தாங்கள் கடைசியாக் கண்ட வேற பிள்ளையளைப் பற்றிச் சொன்னவை. தாய் நான் இல்லை எண்டு சொல்லியும் வந்து சொன்னவை. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை அக்கா."

"கேட்டனீயோ?"

"ஓம். எல்லாரிட்டையும் ஒன்பதையும் கேட்டனான்."

கனகம்மா அக்கா பேத்தியைக் கூப்பிட்டுக் கொப்பியும் பேனையும் கொண்டுவரச் சொல்வது கேட்டது. பிறகு, "இப்ப சொல்லு. ஒவ்வொரு ஆளாச் சொல்லு" என்றார். "முதல்ல பிள்ளையளின்ரை பேரைச் சொல்லு. பிள்ளையளைத் தேடி என்னோட கந்தோர் வாசலில நிண்ட தாய்மாரைத் தெரியும் எனக்கு."

மச்சாள் படத்தைத் திருப்பி வைத்துவிட்டு, ஏழு பேரும் சொன்னதை எழுதி வைத்திருந்த தாளை விரித்து, முதல் பேரை வாசித்தார்.